நம்மைப் போலக் குடும்பம் நடத்திய புனிதர் தேவசகாயம்



மலருக்கு ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதணும், பெரிய மனுஷர் ஒருத்தரோட வாழ்க்கையைப் பத்தி எழுதினால் நல்லதுன்னு கூட்டத்தில் சொன்னாங்க. நான் பத்தாவதுதான் படிச்சிருக்கேன். குழுவில் தீர்மான நோட்டு எழுதுறது நான்தான். அதைத் தவிர எழுதிப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் கொடைரோட்டுக்குப் பக்கத்தில், சிறுமலை அடிவாரம். விடியக் காலை நாலு மணிக்கு எழுந்து மல்லிகைத் தோட்டத்துக்குப் பூ எடுக்கப் போகிற ஆள் நான். வெயில் ஏறுவதற்குள் எடுத்து நிலக்கோட்டை மார்க்கெட்டுக்கு அனுப்பணும். அப்புறம் வந்து சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புறது, மாடு, துணி, ராத்திரி ஜெபமாலை. இதுக்குள்ள புனிதராகிறது எங்கே என்று நான் நினைச்சதுண்டு. கோவிலில் இருக்கிற சுரூபங்களைப் பார்த்தால் எல்லாரும் சாமியார், கன்னியாஸ்திரீ, ராஜா, ராணி. மாடு மேய்ச்சவங்க, வட்டிக்கணக்கு பார்த்தவங்க, பொண்டாட்டி புருஷன்னு வாழ்ந்தவங்க ரொம்பக் கம்மி. அதனால்தான் தேவசகாயத்தைப் பற்றி எழுதுகிறேன். அவர் கல்யாணம் ஆனவர். அரண்மனையில் வேலை பார்த்தவர். நம்ம தமிழ்நாட்டுக்காரர்.

நம் கூட்டமைப்பில் எல்லா மதத்துப் பெண்களும் இருக்கிறோம். யாரையும் மதம் மாறச் சொல்லி இதை எழுதவில்லை. ஒரு நல்ல மனுஷன் எப்படி வாழ்ந்தார் என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

தேவசகாயம் பிறந்தது 1712-ஆம் வருஷம் ஏப்ரல் 23-ஆம் தேதி. ஊர் நட்டாலம். இப்போது கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் திருவிதாங்கூர் ராஜ்ஜியம். பெற்றவர்கள் வைத்த பெயர் நீலகண்டன். வசதியான நாயர் குடும்பம். அம்மா பெயர் தேவகி. தமிழ், மலையாளம், சமஸ்கிருதம் எல்லாம் படிச்சார். வில், ஆயுதப் பயிற்சியும் உண்டு. பெரியவரானதும் பத்மநாபபுரத்தில் நீலகண்டசுவாமி கோவிலில் வேலை பார்த்து, அப்புறம் அரண்மனை வேலைக்கு வந்தார். ராஜா மார்த்தாண்ட வர்மா காலம் அது. பார்கவி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்தார். மரியாதையான வேலை, நிலபுலன், மாடு கன்று. ஒரு குறையும் இல்லாமல்தான் இருந்தது.

1741-இல் குளச்சலில் ஒரு சண்டை நடந்தது. டச்சுக்காரர்கள் கப்பலில் வந்து இறங்க, திருவிதாங்கூர் படை அவர்களை ஜெயித்தது. பிடிபட்டவர்களில் டிலனாய் என்று ஒரு அதிகாரி. ராஜா அவரைக் கொல்லாமல், தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார். பிற்பாடு அவரே பெரிய தளபதி ஆனார். அவர் கத்தோலிக்கர். அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இன்றைக்கும் இருக்கிறது, நாங்கள் பார்த்தோம். இந்த டிலனாயோடு நீலகண்டனுக்குப் பழக்கம் ஆனது.

அந்தச் சமயத்தில் நீலகண்டன் வீட்டில் கஷ்டம். மாடுகள் செத்தன. பயிர் கெட்டது. சொந்தத்தில் சாவு. ஒன்று போனால் ஒன்று. மாடு சாகிறது என்றால் என்ன என்று நம்ம பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடனுக்கு வாங்கின கறவை மாடு செத்து, தவணை மட்டும் உயிரோடு இருந்த வீடுகள் நம் கூட்டமைப்பிலேயே உண்டு. அவர் மனசு ஒடிந்துபோய் இருந்ததைப் பார்த்து டிலனாய் காரணம் கேட்டார். கேட்டுவிட்டு, விவிலியத்தில் வருகிற யோபுவின் கதையைச் சொன்னார். யோபு நல்லவர். ஒரு தப்பும் செய்யாதவர். ஒரே நாளில் மாடு, ஒட்டகம், பிள்ளைகள் எல்லாம் போச்சு, அப்புறம் உடம்பெல்லாம் புண். அப்படியும் அவர் கடவுளை விட்டுக்கொடுக்கவில்லை. கஷ்டம் வந்தால் நாம் ஏதோ பாவம் செய்ததால்தான் வந்தது என்று எல்லாரும் பேசுவாங்களே, அது அப்படி இல்லை என்று இந்தக் கதையில் அவருக்குப் புரிந்தது. அந்த ஒரு கதை அவர் மனசை மாற்றியது.

ஞானஸ்நானம் வாங்க ஆசைப்பட்டார். ஆனால் அரண்மனையில் வேலை பார்க்கிற ஆள் ராஜ்ஜியத்துக்குள்ளே அப்படிச் செய்ய முடியாது. அதனால் டிலனாயிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே இருந்த வடக்கன்குளத்துக்குப் போனார். அங்கே புத்தாரி என்ற சேசுசபைச் சாமியார் இருந்தார். அவர் உடனே கொடுத்துவிடவில்லை. நல்லா யோசிக்கச் சொல்லி, படிக்க வைத்து, அப்புறம்தான் 1745 மே 14-ஆம் தேதி ஞானஸ்நானம் கொடுத்தார். அப்போது அவருக்கு 33 வயசு. லாசர் என்று பெயர். லாசர் என்றால் கடவுள் உதவி செய்கிறார் என்று அர்த்தமாம். அதைத் தமிழில் தேவசகாயம் என்று வைத்தார்கள். நம்ம ஊர்களில் தேவசகாயம் என்ற பெயரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அர்த்தம் இதுதான் என்று எனக்கே இப்போதுதான் தெரியும்.

வீட்டுக்கு வந்து பார்கவியிடம் சொன்னார். நம்ம ஊரில் புருஷன் ஒரு முடிவு எடுத்தால் பொண்டாட்டி பின்னாலேயே போகணும் என்பார்கள். பார்கவி அம்மா உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. சொந்தபந்தம் என்ன சொல்லும் என்ற பயம் இருந்திருக்கிறது. கேட்டு, புரிந்து, பிறகு அவரும் வடக்கன்குளம் போய் ஞானஸ்நானம் வாங்கினார். தெரேசா என்று பெயர், தமிழில் ஞானப்பூ. பூ எடுத்துப் பிழைக்கிற எனக்கு இந்தப் பெயர் ரொம்பப் பிடிக்கும்.

அதுக்கப்புறம் ஒரு நாலு வருஷம் அவர் எப்படி இருந்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. வேலையை விட்டுவிட்டுக் காட்டுக்குப் போகவில்லை. சாமியார் ஆகவில்லை. அதே வேலை, அதே வீடு. காலையில் ஜெபம், மாலையில் ஜெபம், உபவாசம், இடையில் அரண்மனைக் கடமை. மாறினது ஒன்றுதான். தாழ்ந்த சாதி என்று ஒதுக்கி வைத்திருந்தவர்களோடு சேர்ந்து உட்கார ஆரம்பித்தார். அவர்களோடு சாப்பிட்டார். அவர்கள் வீட்டுக்குப் போனார். எல்லாரும் ஒன்று என்று வெளிப்படையாகப் பேசினார்.

300 வருஷத்துக்கு முந்தின திருவிதாங்கூரில் இது லேசான காரியம் இல்லை. யார் யாருக்கு எத்தனை அடி தள்ளி நிற்கணும் என்று கணக்கு வைத்திருந்த காலம். அரண்மனை உத்தியோகஸ்தர், அதுவும் நாயர், இப்படிச் செய்தால் சும்மா விடுவார்களா? சொந்தக்காரர்களுக்குக் கோபம். அதிகாரிகளுக்குக் கோபம். ராஜ துரோகம் செய்தார், அரண்மனை ரகசியத்தை வெள்ளைக்காரர்களுக்குச் சொன்னார் என்று குற்றம் சாட்டினார்கள். 1749 பிப்ரவரி 23-ஆம் தேதி கைது செய்தார்கள்.

அதிலிருந்து மூன்று வருஷம் அவர் பட்டதை எழுதக் கை வரவில்லை. தினமும் அடி. அடித்த புண்ணில் மிளகாய்ப் பொடி தேய்த்து வெயிலில் உட்கார வைத்தார்கள். மிளகாய் அரைத்த கையைத் தெரியாமல் கண்ணில் வைத்தாலே நாம் துடிக்கிறோம். எருமை மாட்டின் மேல் பின்பக்கம் பார்த்து உட்கார வைத்து, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அவமானப்படுத்தி, மற்றவர்களுக்குப் பயம் காட்டுவதற்காக. மரியாதையாகப் பல்லக்கைப் பார்த்த கண்கள் எருமை மேலே பார்த்தன.

புலியூர்குறிச்சியில் தாகம் தாங்காமல் தவித்தபோது, ஜெபம் செய்து பாறையில் முட்டியால் இடித்தார், தண்ணீர் ஊறியது என்று சொல்கிறார்கள். அந்தப் பாறையை முட்டிடிச்சான் பாறை என்கிறார்கள். பெருவிளையில் அவரை வேப்பமரத்தில் கட்டிவைத்திருந்தார்கள். ஆனால் நடந்தது என்ன? கட்டிப்போட்ட ஆளைப் பார்த்துப் பயப்பட வேண்டிய சனங்கள், அவரிடம் ஜெபிக்கச் சொல்லி வந்து நின்றார்கள். நோய் சொன்னார்கள், குடும்பக் கஷ்டம் சொன்னார்கள். அவரும் கட்டிய நிலையிலேயே ஆறுதல் சொல்லி ஜெபித்தார். எங்கே வைத்தாலும் கூட்டம் வந்தது. கடைசியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் கொண்டுபோனார்கள். அங்கேயும் கூட்டம். இனி வைத்திருந்தால் ஆகாது என்று, 1752 ஜனவரி 14-ஆம் தேதி காற்றாடிமலையில் வைத்துத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு 39 வயசு. உடலைக் காட்டில் போட்டுவிட்டார்கள். சில நாள் கழித்து விசுவாசிகள் மிச்சத்தை எடுத்துவந்து, கோட்டாறு சவேரியார் கோவிலில் பீடத்துக்கு முன்னால் அடக்கம் செய்தார்கள். கல்லறை அங்கேதான் இருக்கிறது.

ஞானப்பூ அம்மா என்ன ஆனார்? புருஷனையும் இழந்து, சொந்தத்தையும் இழந்து, வடக்கன்குளத்திலேயே தங்கிவிட்டார். சாகும்வரை அங்கேயே இருந்து, அங்கேயே அடக்கமானார். அவருக்குப் பட்டமும் இல்லை, திருவிழாவும் இல்லை. விதவையாகத் தனியே எப்படிச் சாப்பிட்டார், யார் துணை என்று நினைத்தால் எனக்கு மனசு கனக்கும். புருஷன் தியாகம் செய்தால் அதில் பாதி பொண்டாட்டி கணக்கில் வரணும். நம்ம குழுவில் இருக்கிற விதவைச் சகோதரிகள் இதை ஒத்துக்கொள்வார்கள்.

2012 டிசம்பர் 2-ஆம் தேதி நாகர்கோவிலில் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்ற பட்டம் கொடுத்தார்கள். 2022 மே 15-ஆம் தேதி ரோமாபுரியில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதர் பட்டம் கொடுத்தார். அன்றைக்கு 10 பேருக்குப் பட்டம். அதில் இவர் ஒருவர். இந்தியாவில் குருவாகவோ துறவியாகவோ இல்லாத ஒருவர் புனிதரானது இதுதான் முதல் தடவை. நாங்கள் டிவியில் பார்த்தோம். என் மாமியார், எங்கள் அத்தை, கண் துடைத்துக்கொண்டே பார்த்தாங்க.

அடுத்த வருஷம் மே லீவில் எங்கள் குழுவும் பக்கத்துக் குழுவும் சேர்ந்து ஒரு வேன் பிடித்துக் காற்றாடிமலைக்குப் போனோம். நம்ம கொடைரோடு டோல்கேட் வழியாகப் போகிற அதே நாலுவழிச் சாலைதான். மதுரை, திருநெல்வேலி தாண்டி, காவல்கிணறில் திரும்பி ஆரல்வாய்மொழி. காற்று என்றால் அப்படி ஒரு காற்று, சேலை நிற்காது. சுற்றிலும் காற்றாலைகள். மலையில் ஒரு பாறை, கல்லால் தட்டினால் மணி அடித்த மாதிரி சத்தம் வருகிறது. அவர் உயிர் போனபோது அது மணியாக ஒலித்தது என்று அங்கே உள்ளவர்கள் சொன்னார்கள். நாங்கள் எல்லாரும் குழந்தைகள் மாதிரி தட்டிப் பார்த்தோம்.

வழி காட்டின பெரியவர் ஒருத்தர், அவர் எல்லாரோடும் சேர்ந்து சாப்பிட்ட கதையைச் சொன்னார். கேட்டுவிட்டுக் கீழே வந்து, கட்டுச்சோற்றைப் பிரித்தோம். புளிசோறும் துவையலும். வட்டமாக உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்த்தேன். எங்கள் குழுவில் ஒரு அக்கா, அடுத்த தெருக்காரங்க, கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு இருந்தாங்க. யாரும் போகச் சொல்லவில்லை. அவங்களாகவே போயிட்டாங்க. பழக்கம். அவங்களும் எங்களோடு அதே பூசையில் நன்மை வாங்குகிறவங்கதான்.

நான் கூப்பிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் நான் கூப்பிடவில்லை. மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்து சாப்பிட்டேன். அந்தச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்லணும். எங்கள் குழு ஆரம்பித்த நாளில் இருந்து அவங்க ஒரு வாரச் சேமிப்புகூட விட்டதில்லை. என் மகனுக்கு டெங்கு வந்து திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தனக்கு வரவேண்டிய உள்கடனை எனக்கு விட்டுக்கொடுத்தாங்க. அப்படிப்பட்டவங்களுக்கு என் வீட்டில் கூட்டம் நடக்கிறபோது நான் என்ன செய்வேன் தெரியுமா? எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளரில் டீ. அவங்களுக்கு மட்டும் பேப்பர் கப். அவங்க திண்ணைப் படியில் உட்காருவாங்க. அத்தை வைத்த முறை. நானும் ஒரு நாள்கூட அதைத் தப்பு என்று நினைத்ததில்லை. தவக்காலம் நாற்பது நாளும் கறி, மீன் தொடமாட்டேன். வெள்ளிக்கிழமை ஒருசந்தி. முழங்காலில் நின்று சிலுவைப்பாதை செய்வேன். எல்லாம் செய்துவிட்டு அந்தப் பேப்பர் கப்பை நீட்டுவேன்.

ஊருக்கு வந்த அடுத்த வாரம் கூட்டம் என் வீட்டில். அன்றைக்கு எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர் வைத்தேன். அக்காவை உள்ளே வந்து பாயில் உட்காரச் சொன்னேன். அவங்க உட்காரவும் இல்லை, டீயைத் தொடவும் இல்லை. எதுக்கு வம்பு, எனக்குப் பேப்பர் கப்பே போதும் என்று மெதுவாகச் சொன்னாங்க. அது எனக்கு அடி வாங்கின மாதிரி இருந்தது. நான் ஒரு நாள் நல்லவளாகிவிட்டேன் என்பதற்காக அவங்க ஏன் என்னை நம்பணும்?

அன்று ராத்திரி வீட்டில் சண்டை. அத்தை மூணு நாள் என் கையால் சாப்பிடவில்லை. வீட்டுக்காரர் எந்தப் பக்கமும் பேசவில்லை. குழுவில் ரெண்டு பேர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினாங்க. சந்தாவும் கட்டவில்லை, கடன் தவணையும் கட்டவில்லை. வங்கிக் கடன் நிலுவையில் நின்றால் குழு முழுக்கக் கெட்ட பேர். மூணு மாசம் அவங்க தவணையையும் மற்ற 13 பேரும் பங்கு போட்டுக் கட்டினோம். அந்த 13 பேரில் அக்காவும் உண்டு. தன்னோடு உட்கார மாட்டேன் என்று போனவங்களுக்காக அவங்க சித்தாள் கூலியில் இருந்து பங்கு கொடுத்தாங்க. முகம் சுளிக்கவே இல்லை. தவம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வடக்கன்குளத்தைப் பற்றி அப்புறம் ஒரு விஷயம் கேள்விப்பட்டேன். தேவசகாயம் ஞானஸ்நானம் வாங்கின அதே ஊரில் பிற்காலத்தில் கட்டின கோவிலையே, சாதி பார்த்துத் தனித்தனியாக உட்காருகிற மாதிரி ரெண்டு பக்கமாகப் பிரித்துக் கட்டியிருந்தார்களாம். பிற்பாடுதான் நடுவில் இருந்த தடுப்பை எடுத்தார்கள். அவர் ரத்தம் சிந்தின பிறகும், அவரைக் கும்பிடுகிற நாமே இப்படி இருந்திருக்கிறோம். அதனால் என் வீட்டில் ஒரே நாளில் மாறவில்லை என்று நான் இப்போது வருத்தப்படுவதில்லை. விடாமல் செய்யணும், அவ்வளவுதான்.

விட்டுப்போன ரெண்டு பேரில் ஒருத்தர் திரும்பி வந்துவிட்டார். இன்னொருத்தர் வரவில்லை, கடனை மட்டும் அடைத்துவிட்டார். அக்கா நாலாவது கூட்டத்தில் உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தாங்க. ஆறாவது கூட்டத்தில் டம்ளரை எடுத்தாங்க. யாரும் ஒன்றும் பேசவில்லை. நான் நோட்டில் வரவு செலவு எழுதிக்கொண்டே இருந்தேன், எழுத்து மட்டும் கோணலாகப் போனது.

அத்தை இப்போதும் கூட்டம் முடிந்தவுடன் எல்லா டம்ளரையும் தானே எடுத்துப்போய்ப் புளி போட்டு விளக்குவாங்க. அது எதுக்கு என்று எனக்குத் தெரியும், நான் கேட்பதில்லை. ஆனால் போன பொங்கல் அன்று, ஜனவரி 14, தேவசகாயம் திருநாள், அக்கா வீட்டில் இருந்து கரும்பும் சர்க்கரைப் பொங்கலும் கொடுத்துவிட்டாங்க. அத்தை அந்தப் பொங்கலைக் கையில் வாங்கி, ஒரு வாய் சாப்பிட்டாங்க. வெல்லம் கொஞ்சம் கம்மி என்று மட்டும் சொன்னாங்க.

சகோதரிகளே, தேவசகாயத்துக்கு வந்த மாதிரி சோதனை நமக்கு வரப்போவதில்லை. எருமை மேலே யாரும் ஏற்றப்போவதில்லை. நமக்கு வருவது டம்ளர், பாய், திண்ணை, சோற்றுப் பந்தி. நாலு மணிக்குப் பூ எடுக்கும்போது இப்போது நான் ஜெபமாலையில் ஒரு பத்து மணி ஞானப்பூ அம்மாவுக்காகவும், ஒரு பத்து மணி என் அத்தைக்காகவும் சொல்கிறேன். உங்கள் குழுக்களிலும் யாராவது தள்ளி உட்கார்ந்திருந்தால் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். நான் மரத்தடியில் பார்த்தும் கூப்பிடாமல் இருந்த மாதிரி நீங்கள் இருக்க வேண்டாம்.